நல்ல நிலையில்

கொட்டாஞ்சேனைப் பார்சல் கந்தோரில் எனக்கு முன்னால் நின்றவர், பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்யும் ஒரு பெண்மணி. நரைத்த குட்டை முடி. எதைக் கையில் எடுத்தாலும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். இலக்கத் துண்டையும் அப்படித்தான் பார்த்தார்.

கிளார்க் கொடுத்த சிறு போத்தலையும் உயர்த்தினார். முகம் மாறியது.

"சிவப்பா இருக்கவேணும் தம்பி, இது சாம்பலா இருக்கு. ஃப்ரீசருக்குள்ள வைச்சீங்களா?"

"ஓம் மிஸ். குளிரில வைக்கச் சொல்லி எழுதியிருந்தது."

"உறையவிடக்கூடாது எண்டும் பக்கத்திலயே எழுதியிருக்கு."

என்னவென்று கேட்டேன். கண்ணுக்குத் தெரியாத தங்கத் துணிக்கைகளாம். இரண்டு துணிக்கைகளுக்கு நடுவில் ஒரேயொரு மூலக்கூறை நிறுத்தி, அதனூடாக எவ்வளவு மின்சாரம் பாய்கிறது என்று அளப்பாராம். உறைந்ததில் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன; அதுதான் சாம்பல் நிறம், இனி அளக்க உதவாதாம்.

"தங்கம் உள்ளுக்குத்தானே கிடக்கு மிஸ், ஒண்டும் குறையேல்லையே" என்று கிளார்க் படிவத்தை நீட்டினார். பிழை விட்டதுமல்லாமல் இது வேறு. எனக்குக் கொதித்தது.

அந்தப் பெண்மணி சத்தம் போடவில்லை. 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்பதில் முதல் இரண்டு சொற்களையும் வெட்டிவிட்டுக் கையெழுத்திட்டார். வெட்டிய படிவம் செல்லாது என்று புதியது கொடுத்தார்கள். அதிலும் அதே இரண்டு சொற்களை வெட்டினார்.

பக்கத்து யன்னலில் எனக்கு வந்த பெட்டியை வாங்கிக்கொண்டு நான் வெளியேறும்போது, அவர் ஐந்தாவது படிவத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தெருவுக்கு வந்த பிறகுதான் கண்டேன், என் பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருந்தது. நானோ அதே படிவத்தில் வாசிக்காமலே கையெழுத்து வைத்திருந்தேன்.