மூன்றாம் மடிப்பில் இடமில்லை

எங்கள் அலுவலகத்தில் அவருக்குக் கத்திரி சார் என்றுதான் பெயர். புதுச் சட்டம் எது வந்தாலும், அதை ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி ஒரே தாளில், மூன்று மடிப்பில் எழுதிக் கொடுப்பது அவர் வேலை. நீள வாக்கியத்தைக் கண்டாலே அவருக்கு ஆகாது. கல்யாணப் பத்திரிகையை நீட்டினால்கூட, "மாப்பிள்ளை, பொண்ணு, தேதி போதாதா? மத்ததெல்லாம் எதுக்கு?" என்பார். பக்கத்து மேசையில் பிழை திருத்துகிற நான் இருபது வருஷம் இதற்குச் சிரித்திருக்கிறேன்.

அரசுக் குடியிருப்புச் சட்டம் வந்தபோதும் கத்திரி சும்மா இருக்கவில்லை. வீடு யார் பெயரில் இருக்கிறதோ அவர் இறந்துபோனால், அங்கே யார் தொடர்ந்து குடியிருக்கலாம்? கணவன் அல்லது மனைவி, பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகள் என்று எழுதினார். சட்டத்தில் அதற்குக் கீழே ஒரு உட்பிரிவும் இருந்தது. இறந்தவரை மூன்று வருஷமாவது கூடவே இருந்து கவனித்துக்கொண்ட உறவினர், அறுபது நாளுக்குள் மனுக் கொடுத்தால் அவரும் இருக்கலாம். மூன்றாம் மடிப்பில் அதற்கு இடமில்லை.

"இதை விட்டா பரவாயில்லையா சார்?" என்று கேட்டேன்.

"நூத்துல ஒருத்தருக்கு வர்ற விஷயம். இதையும் போட்டா மத்த தொண்ணூத்தொம்பது பேரும் குழம்புவாங்க."

எனக்கு வீட்டுக்குக் கிளம்புகிற அவசரம். தலையாட்டிவிட்டேன். 'இது விளக்கம் மட்டுமே. சட்டமே இறுதியானது' என்ற வரியைத் தாளின் அடியில் பொடி எழுத்தில் போட்டு அச்சுக்கு அனுப்பினோம்.

இரண்டு வருஷம் கழித்துக் கத்திரி சாருடைய அம்மா காலமானார். அம்மா பெயரில் இருந்தது அப்படி ஒரு அரசு வீடுதான். படுத்த படுக்கையாகக் கிடந்தவரை எட்டு வருஷம் அங்கேயே இருந்து பார்த்துக்கொண்டவர் கத்திரி சாரின் தங்கை. கல்யாணம்கூடச் செய்துகொள்ளவில்லை.

"நான் இங்கயே இருக்க ஏதாவது வழி இருக்காண்ணா?" என்று தங்கை கேட்டிருக்கிறார்.

"அதான் தெளிவா எழுதியிருக்கேனே, எடுத்துப் பாரு."

தங்கை எடுத்துப் பார்த்தார். சாமான்களைக் கட்டினார். லாரி பிடித்துக் கொடுத்ததும் அண்ணன்தான். இதெல்லாம் பிற்பாடு அவரே என்னிடம் சொன்னது.

ஐந்து மாதம் போனது. இரண்டாம் பதிப்புக்காக அலமாரியிலிருந்து சட்டப் புத்தகத்தை எடுத்துப் புரட்டியவர் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார். அந்த உட்பிரிவின் மேல் சிவப்புப் பென்சிலால் அவரே போட்ட பெருக்கல் குறி. புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். "எட்டு வருஷம் பாத்துக்கிட்டா. ஒரு மனு போட்டிருந்தா போதும்" என்றார்.

அன்றைக்கே குடியிருப்பு அலுவலகத்துக்கு ஓடினார். கெடு எப்போதோ முடிந்திருந்தது. அந்த வீட்டில் வேறொரு குடும்பம் திரைச்சீலைகூட மாட்டியிருந்தது. எனக்கு அவர் மேல் இன்னும் கோபம் உண்டு. ஊருக்கெல்லாம் விளக்கம் சொன்னவர், சொந்தத் தங்கைக்காகச் சட்டத்தை ஒரு தடவை புரட்டியிருக்கக் கூடாதா? அவரை மட்டும் சொல்லி என்ன, எழுத்துப் பிழையெல்லாம் திருத்துகிற நானும் அந்தப் பிழைக்குத் தலையாட்டினேனே!

புதுத் தாள் அச்சாகி வந்ததும், "தனியாப் போக தைரியம் இல்ல, நீங்களும் கூட வாங்க" என்றார். தங்கை இருந்தது ஒற்றை அறை. ஒரு கட்டில், ஒரு ஸ்டவ். வைக்க வேறு இடமில்லாமல் அம்மாவின் சக்கர நாற்காலி கதவுக்குப் பின்னால் மடங்கிக் கிடந்தது.

தங்கை தாளை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். மூன்றாம் மடிப்பில் விரல் நின்றது.

"இது புதுசா வந்ததாண்ணா?"

ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். "இல்லம்மா, முதல்லயே இருந்துச்சு. நான்தான் எடுத்துட்டேன்" என்றார்.

தங்கை திட்டுவார் என்று நான் எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நானாவது சட்டத்தைத் தேடிப் பாத்திருக்கலாம். நீ எழுதினதாச்சேன்னு அதோட விட்டுட்டேன்" என்றார். பிறகு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"பழைய தாளைப் படிச்சிட்டு என்னை மாதிரி வேற யாராவது வீட்டைக் காலி பண்ணியிருப்பாங்களாண்ணா?"

கத்திரி சார் என் முகத்தைப் பார்த்தார். நாங்கள் அச்சடித்து அனுப்பியது நாற்பதாயிரம் பிரதிகள்.