வெறுமையில் வைத்த எலுமிச்சம்பழம்

மலேசியாவின் ஈப்போவில் என் வேலை, ஒன்றுமே இல்லாத இடத்தை ஒன்றுமே இல்லாமல் பார்த்துக்கொள்வது. லகாட் பக்கம் பழைய ரப்பர் தோட்டமொன்றில் தவுக்கே, அதாவது என் சீன முதலாளி, தங்கும் விடுதி கட்டியிருக்கிறார். முற்றத்தில் ஜப்பானிய ஜென் தோட்டம்: வெள்ளைச் சரளை, நடுவில் நட்டுவைத்த ஒற்றைக் கல். காலையில் மரச்சீப்பால் சரளையில் அலையலையாகக் கோடிழுத்து, காலடி தெரியாமல் பின்னோக்கியே நடந்து வெளியேறுவேன். புதுக்கோட்டையிலிருக்கும் மனைவிக்கு வீடியோவில் காட்டினேன்.

"செடி எங்கேங்க?"

"கிடையாது."

"அப்ப தோட்டக்காரர் எதுக்கு?"

நல்ல கேள்விதான். திறப்பு விழாவன்று அங்கே ஒரு இலை கிடந்தாலும் என் வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்க மாட்டேன் என்று தவுக்கே சொல்லியிருந்தார். விழாவுக்கு முந்தைய நாள் காலையில் போய்ப் பார்த்தால் கல்லுக்கு மஞ்சள், குங்குமம். அடியில் எலுமிச்சம்பழம், ஒரு சுருட்டு.

அறைகளைக் கூட்டும் சரோஜா அக்கா வாளியோடு வந்தார். இதே தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர்.

"நான்தான் வச்சேன் தம்பி. தோட்டத்த வித்தப்ப எங்க முனியாண்டி கல்ல எங்க தூக்கிப் போட்டானுங்களோ தெரியல. நீங்க கல்ல நட்டு, சுத்தி யாரும் மிதிக்காம தெனம் கோடு போடுறீங்க. சாமி இல்லாம யாரு இப்படிச் செய்வா லா?"

"இது ஜப்பான் கலைக்கா. வெறுமையா இருக்கணும்."

"வெறுமையாத்தான் இருந்திச்சு. அதான் வச்சேன்."

துணியை நனைத்துக்கொண்டு போனேன். கை எழவில்லை. ஊரில் எங்கள் குலசாமியும் பொட்டலில் நிற்கும் ஒற்றைக் கல்தான். இங்கே வந்ததிலிருந்து ஒரு படையலுக்குக்கூடப் போகவில்லை. பெர்மிட்டும் வேண்டும், மஞ்சளைத் துடைக்கவும் பயம். ஈரத்துணியோடு நின்றபோது தவுக்கேயின் கார் வந்தது.

கல்லைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். காலணியைக் கழற்றினார்.

"டத்தோவா?" என்று அக்காவிடம் மெதுவாகக் கேட்டார். இங்குள்ள சீனர்கள் கும்பிடும் காவல் தெய்வம் அது. அக்கா யோசிக்காமல் தலையாட்டினார். தவுக்கே உள்ளே ஓடி ஊதுவத்தியோடு திரும்பினார். நான் சீவிவைத்த அலைகளின் மேலேயே நடந்து போய்க் கும்பிட்டார்.

பெர்மிட் புதுப்பித்தாகிவிட்டது. ஊருக்குப் போக லீவுதான் இல்லை. சாமியைத் தனியே விட்டுவிட்டுப் போகக் கூடாது என்கிறார் தவுக்கே.

அதனால் இந்த வருடமும் எங்கள் படையலை மனைவி வீடியோவில்தான் காட்டினாள். கும்பிட்டு முடித்ததும் கைப்பேசியை இந்தக் கல்லின் பக்கம் திருப்பிப் பிடித்தேன். இரண்டு சாமியும் பார்த்துக்கொள்ளட்டுமே என்றுதான். சரோஜா அக்காகூடக் கைகூப்பினார். நானும் கை வலிக்கப் பிடித்துக்கொண்டே நின்றேன். லைன் எப்போதோ அறுந்து படம் உறைந்திருக்கிறது. திரையில் இருந்தது குலசாமிக் கல் என்பதால் தெரியவில்லை.