சும்மாரு என்றால் ஓடி வரும்

எனக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. எங்கள் வீடு அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. ராத்திரி பகல் இல்லாமல் லாரி ஓடும் சத்தத்தில் வளர்ந்ததால் எனக்கும் அதே புத்தி வந்துவிட்டது என்று வீட்டில் சொல்வார்கள். கல்யாணப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார யாருக்கும் பிடிக்காது. என் தொடை ஆடுகிற ஆட்டத்தில் பெஞ்சே ஆடி, பக்கத்து இலையில் ரசம் மடியை நோக்கி ஓட ஆரம்பித்துவிடும். பிறந்ததிலிருந்து நான் அதிகம் கேட்ட சொல் "சும்மா இரு" என்பதுதான். எங்கள் பக்கத்தில் அதை அவ்வளவு நீட்டிச் சொல்ல ஒருவருக்கும் பொறுமை கிடையாது. "சும்மாரு" என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவார்கள்.

காட்டில் காவலர் வேலை கிடைத்தபோது என் மனைவிக்கு ஒரே சந்தோஷம். "நடக்கறதுக்குன்னே ஒரு வேலைங்களா? உங்களுக்குன்னே செஞ்சு வெச்சாப்பல இருக்குது" என்றாள். அவள் சொன்னது சரிதான். பென்னாகரம் தாண்டி உள்காட்டில் இருந்த எங்கள் முகாமில் மற்றவர்கள் கால் வலிக்கிறது என்று உட்கார்ந்த பிறகும் நான் நடந்துகொண்டிருப்பேன்.

அந்த வருஷக் கோடையில் ஒரு பெண் யானை நோய் கண்டு ஓடைக்கரையில் விழுந்து செத்துப்போனது. கூட்டம் கொஞ்ச நாள் அங்கேயே சுற்றிச் சுற்றி நின்றுவிட்டுத் தண்ணீர் தேடி ஆற்றுப் பக்கம் இறங்கிவிட்டது. அதன் குட்டி மட்டும் செத்த தாயை விட்டு நகரவில்லை. பால் குடிக்கிற வயசுப் பெண் குட்டி. அதைக் கொண்டுவந்து முகாமை ஒட்டிய கொட்டகையில் விட்டார்கள். பார்த்துக்கொள்ள இரண்டு பேர். ஒருவன் நான். இன்னொருவன் கர்நாடக எல்லையை ஒட்டிய ஊர்க்காரன், வீட்டில் கன்னடமும் வெளியில் தமிழும் பேசுகிறவன். பாறையில் சாய்த்தாலும் தூங்கிவிடுவான். தும்மல்கூட அவனுக்கு நிதானமாகத்தான் வரும். குட்டிக்குத் தாயாக இருக்க அவன்தான் லாயக்கு என்று எல்லோரும் முடிவு செய்து, என்னை எடுபிடிக்கு வைத்தார்கள். எனக்கு உள்ளுக்குள் கோபம்தான்.

தருமபுரியிலிருந்து கால்நடை டாக்டர் அம்மா வந்து எங்களுக்கு இரண்டு கட்டளை போட்டார். குட்டிக்குப் பெயர் வைக்கக்கூடாது. அதோடு பேச்சுக் கொடுக்கக்கூடாது.

"பேர் வெச்சா கூப்பிடத் தோணும். கூப்பிட்டா வரும். வந்து பழகிட்டா அப்புறம் காட்டுக்குத் திரும்பிப் போகாதுங்க" என்றார்.

மழை பிடித்ததும் அந்தக் கூட்டம் மேலே ஏறி வரும், அதில் தன் குட்டிக்குப் பால் கொடுக்கிற இன்னொரு யானையும் இருக்கிறது, அது இதையும் சேர்த்துக்கொண்டால் குட்டி பிழைத்தது என்று விளக்கினார். சேர்த்துக்கொள்ளாவிட்டால்?

"லாரி வரும். யானைங்க முகாமுக்கு ஏத்திட்டுப் போயிடுவாங்க, அங்க வளரும். அதுவும் ஒரு வாழ்க்கைதான். என்ன, கால்ல சங்கிலி இருக்கும்" என்றார்.

சங்கிலி என்ற சொல் எனக்கு ஆகவில்லை. என்னைப் பள்ளிக்கூடத்தில் தூணோடு சேர்த்துக் கட்டிப்போட்ட வாத்தியார் ஒருவர் உண்டு. அவருடைய சாவுக்குக்கூட நான் போகவில்லை. இந்தக் குட்டியை லாரியில் ஏற்ற விடக்கூடாது என்று அன்றைக்கே மனசுக்குள் பிடிவாதம் பிடித்துக்கொண்டேன்.

ஆனால் அதற்கு முதலில் அது பால் குடிக்க வேண்டுமே. வெந்நீரில் கரைத்த பால்பவுடர், இளநீர், கம்பைநல்லூரில் என் மாமனார் வீட்டிலிருந்து வந்த ராகியை அரைத்துக் காய்ச்சி வடிகட்டிய கஞ்சி என்று எல்லாம் தயாராக இருந்தது. என் கூட்டாளி பாட்டிலை வைத்துக்கொண்டு சாமி மாதிரி உட்கார்ந்திருந்தான். குட்டி அவனை ஏறிட்டும் பார்க்கவில்லை. சுவரை ஒட்டி அங்கும் இங்கும் அலைந்துகொண்டே இருந்தது. அவன் கை வலிக்கிறது என்று பாட்டிலை என்னிடம் கொடுத்தான். நான் வழக்கம்போல நடக்க ஆரம்பித்தேன். நாலு எட்டு வைப்பதற்குள் முதுகில் ஈரமாக ஏதோ பட்டது. தும்பிக்கை. இன்னும் கொஞ்சம் நடந்தேன். பின்னாலேயே வந்து, பக்கவாட்டில் தலையை நுழைத்து, நடந்தபடியே பாட்டிலைச் சப்பிக் குடிக்க ஆரம்பித்தது. நான் நின்றால் அதுவும் நிறுத்திவிட்டு முழித்தது. நடந்தால் குடித்தது.

"அட, ஒனக்குன்னு பொறந்ததுடா இது" என்றான் கூட்டாளி. சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டான்.

அதன் பிறகு எனக்கு ஓய்வே இல்லை. நான் ஓய்வு கேட்கவும் இல்லை. பாலுக்கு நடை, பால் செரிக்க நடை, வெயில் ஏறினால் சேற்றுக் குழிக்கு நடை. சாணம் இளகிப் போனால் எங்கள் இருவருக்கும் டீகூட இறங்காது. யானைக்குட்டிக்கு வயிற்றோட்டம் வந்தால் காப்பாற்றுவது கஷ்டம் என்று டாக்டர் அம்மா சொல்லியிருந்தார். குச்சியால் சாணத்தைக் கிளறிப் பார்த்து, கெட்டியாக இருந்தால் டீ போட்டுக் குடிப்போம்.

குட்டி இருக்கிறதே, அது என்னைவிட மோசம். துண்டை உருவும். வேட்டியைப் பிடித்து இழுக்கும். பாத்திரம் கழுவக் குனிந்தால் பின்னால் வந்து தலையால் முட்டும். சேற்றுக் குழியில் விட்டால் படுக்காது, சுற்றும். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல் வரும். ஊரே என்னைப் பார்த்து ஏன் எரிச்சல்பட்டது என்று அப்போதுதான் புரிந்தது. "சும்மாரு" என்பேன். காலையிலிருந்து பொழுது சாயும்வரை சும்மாரு, சும்மாரு, சும்மாரு. பேச்சுக் கொடுக்கக்கூடாது என்றுதானே கட்டளை? திட்டுவது பேச்சில் சேராது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் மத்தியானம் என் காலில் முள் ஏறிவிட்டது. கூட்டாளி ஊக்கை வைத்து எடுத்துக்கொண்டிருந்தான். நான் துள்ளினேன். "சும்மாருடா!" என்று அவன் ஒரு சத்தம் போட்டான். அவ்வளவுதான். தூரத்துச் சேற்றுக் குழியிலிருந்து குட்டி காதை விரித்துக்கொண்டு ஓடி வந்து எங்கள் இருவரையும் சேர்த்துத் தள்ளியது. முள் வந்த வழியே திரும்பி உள்ளே போனது. சேறும் வலியுமாகக் கிடந்து சிரித்தோம். பிறகு சோதித்துப் பார்த்தோம். வா என்றால் வரவில்லை. விசிலடித்தால் வரவில்லை. சும்மாரு என்றால் எங்கே இருந்தாலும் ஓடி வந்தது. அது தன் பெயர் என்றே நினைத்துவிட்டது.

டாக்டர் அம்மாவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் முகம் மாறிவிட்டது.

"சும்மா இருன்னா ஓடி வர்ற ஜீவனை உலகத்துலயே இங்கதான் பாக்கறேன். இனிமே அந்த வார்த்தை ரெண்டு பேர் வாயிலயும் வரக்கூடாது. கூட்டம் வர்ற நேரம்" என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகு குட்டி என் துண்டை இழுத்துவிட்டு, நான் ஏதாவது சொல்வேன் என்று முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும். அது எனக்குப் பெரிய வேதனையாக இருந்தது.

மழை பிடித்தது. கூட்டம் ஏறி வந்து ஓடைப்பக்கம் மேய்வதாகத் தகவல் கிடைத்தது. அந்தக் கூட்டத்தின் சாணத்தையும் சேற்றையும் கரைத்துக் குட்டியின் மேல் பூசினோம், எங்கள் மேலும் பூசிக்கொண்டோம். சாயங்காலம் அதை நடத்தி ஓடைக்கரையில் விட்டுவிட்டு, நானும் கூட்டாளியும் மேட்டில் ஒரு பாறைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டோம். காற்று எங்களை நோக்கி வீசியதால் எங்கள் வாடை கீழே போகாது. டாக்டர் அம்மா இன்னும் மேலே, ஜீப் பக்கத்தில் இருந்தார்.

யானைகள் வந்தன. பால்கார யானை முன்னால் வந்து குட்டியைப் பார்த்து நின்றது. குட்டி ஓரெட்டு வைத்தது. இன்னும் ஓரெட்டு. எனக்குத் தாங்கவில்லை. என் கால் தன்பாட்டுக்கு ஆட ஆரம்பித்து, கீழே கிடந்த சரளைக்கல் உருண்டது. கூட்டாளிக்குத் தமிழ்ச் சொல் தடை என்பது நன்றாக ஞாபகம் இருந்தது. பாவம், கவனமாகக் கன்னடத்துக்கு மாறினான்.

"சும்னிரு" என்றான், பல்லைக் கடித்துக்கொண்டு.

கன்னடத்திலும் அதற்கு அதே பொருள்தான். சத்தமும் ஏறக்குறைய அதேதான். எல்லையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மனுஷன் மனுஷனை ஒரே மாதிரிதான் அதட்டுகிறான். குட்டி சட்டென்று திரும்பி, காதை விரித்துக்கொண்டு, நேராக எங்கள் பாறைக்கு ஓடி வந்தது. கீழே பிளிறல் கேட்டது. பால்கார யானை காலை உதைத்துத் திரும்பியது. கூட்டமே மரங்களுக்குள் மறைந்துவிட்டது. குட்டி என் தொடையில் தலையை வைத்துத் தேய்த்தது.

டாக்டர் அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"இன்னும் ஒரு தடவை பாப்போம். அதுலயும் சேத்துக்கலைன்னா லாரிக்குச் சொல்லிடுவேன்" என்றார்.

நான் வரவே இல்லை, முகாமிலேயே இருக்கிறேன் என்றேன். ஆனால் நான் நடக்காவிட்டால் குட்டி கொட்டகையை விட்டே வராது. கூட்டாளி அழைத்துப் பார்த்தான், இளநீர் காட்டிப் பார்த்தான், ஒன்றும் நடக்கவில்லை. ஆகவே நான்தான் கொண்டுபோய் விட வேண்டும். விட்டுவிட்டு அசையாமல் உட்கார வேண்டும். அதுதான் எனக்குத் தெரியாதே.

அடுத்த முறை பாறைக்குப் பின்னால் போனதும் துண்டை அவிழ்த்துக் கூட்டாளியிடம் கொடுத்து, காலை நீட்டினேன். "கட்டு" என்றேன்.

"கல்யாணத்துல போட்ட கால்கட்டு பத்தலியா ஒனக்கு?" என்று முணுமுணுத்துக்கொண்டே இரண்டு காலையும் சேர்த்து இறுக்கிக் கட்டினான். பிறகு தன் வாயில் தன் துண்டையே வைத்துக்கொண்டான்.

கூட்டம் வர நேரமாயிற்று. காலுக்குள் எறும்பு ஊர்ந்தது. தொடை துடித்தது. எழுந்து ஓடிவிடலாம் என்று உடம்பெல்லாம் கெஞ்சியது. துண்டின் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். லாரியையும் சங்கிலியையும் நினைத்துக்கொண்டேன். கீழே பால்கார யானை வந்தது. இந்த முறை அதன் சொந்தக் குட்டியும் கூடவே வந்தது. எங்கள் குட்டி பாதி தூரம் போய் நின்றது. திரும்பி மேட்டைப் பார்த்தது. காதை விரித்தது.

அது எதற்காகக் காத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒரே ஒரு சொல். அது என் நாக்கு நுனியில்தான் இருந்தது. நான் சொல்லவில்லை.

பெரிய யானை நடந்து வந்து தும்பிக்கையைக் குட்டியின் வாய்க்குள் விட்டுப் பார்த்தது. முதுகைத் தடவியது. பிறகு மெதுவாகத் திரும்பி நடக்கத் தொடங்கியது. நடக்கிறதைப் பார்த்ததும் குட்டி பின்னாலேயே போனது. போகிற போக்கிலேயே முன்னங்கால்களுக்கு நடுவில் தலையை நுழைத்துப் பால் குடித்தது. இருட்டத் தொடங்கிய மரங்களுக்குள் எல்லாம் ஒன்றாகப் போய்விட்டன.

கூட்டாளி முடிச்சை அவிழ்த்தான். என்னால் எழ முடியவில்லை. கால் மரத்துப் போயிருந்தது. உட்கார்ந்த இடத்திலேயே அழுதேன். அவன் வாயிலிருந்து துண்டை எடுத்து என்னிடம் நீட்டினான்.

"தொடைச்சுக்க. எச்சிதான், பரவால்ல" என்றான்.

இப்போது நான் வேறு பக்கம் காவல் நடக்கிறேன். கூட்டம் ஒன்று கண்ணில் பட்டால் தூரத்திலேயே நின்றுகொள்கிறேன். அதில் அது இருக்கிறதா என்று எனக்கு அடையாளம் தெரியாது. கூப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். கூப்பிட மாட்டேன்.

போன வாரம் லீவில் வீட்டுக்கு வந்திருந்தேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நடந்துகொண்டிருந்தேன். மாட்டுக் கொட்டகையில் மனைவி பால் கறந்துகொண்டிருந்தாள். மாடு காலை உதைத்திருக்க வேண்டும்.

"ஏய், சும்மாரு!" என்று அதட்டினாள்.

நான் சட்டென்று நின்று ரோட்டைத் திரும்பிப் பார்த்தேன். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. வேறு யாரும் ஓடி வரவில்லை.

"என்னாங்க பாக்கறீங்க அங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்ல, நீ கற" என்றேன். அவள் பால் கறந்து முடிக்கும்வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.