முதுகுப் பக்கம் கேட்ட மூச்சு

நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவள் நான். பத்தாம் வகுப்போடு நின்றவள் பத்திரிகைக்கு எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன கோடையில் கிழக்கு லண்டன் பூங்கா ஒன்றில் எங்கள் ஊர்ச் சங்க ஒன்றுகூடல் நடந்தது. பின்லாந்தில் பல வருடம் இருந்துவிட்டு லண்டன் வந்த சிவம் அண்ணை, அங்கே மனைவியைத் தோளில் தலைகீழாகத் தொங்கவிட்டு ஓடும் போட்டி உண்டு என்றார்.

"வெண்டால் மனிசியின்ர நிறைக்கு பியர் குடுப்பினம்!"

"அப்ப எனக்கு ஒரு லொறி பியர் வரும்," என்றார் என் கணவர். எல்லோரும் சிரித்தார்கள். உடனே அங்கேயே அந்தப் போட்டியை வைக்க முடிவானது; மறுக்கக் கூச்சப்பட்டு நானும் சம்மதித்தேன்.

பாதித் தூரத்தில் அவருடைய மூச்சு விசில்போல இழுத்தது. முதுகில் தொங்கிய எனக்கு மட்டும்தான் அது கேட்டது. "இறக்குங்கோ" என்று கத்தியிருக்கலாம். சனம் கைதட்டிக்கொண்டு நின்றதால் வாய் வரவில்லை. முடிவுக் கோட்டைத் தாண்டியதும் அவர் குப்புற விழுந்தார். உதடுகள் நீலமாக இருந்தன. மாரடைப்பு. ஆம்புலன்ஸ் கொஞ்சம் பிந்தியிருந்தால் தப்பியிருக்கமாட்டார் என்றார்கள். மறுநாள் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள்; பின்னேரம் வரை நான் வெளியே இருந்தேன்.

இப்போது அவருக்கு மூச்சு வாங்கினால், கடையோ கோயிலோ, "நில்லுங்கோ" என்று சத்தமாகவே சொல்கிறேன்.

 பின்னேரம் வரை நான் வெளியே இருந்தேன்.