இளவரசி அங்கியின் நீலப் பக்கம்

ஹுல்டா நீஸ் பத்தொன்பது வருடம் ரயிலில் உட்கார்ந்து தைத்தவள். ஊர் ஊராய்ப் போகும் நாடகக் கம்பெனிகளோடு அவளும் போனாள். ஒமாஹாவில் வெட்டிய துணிக்கு டென்வரில் பொத்தான் வைப்பாள். அடுத்த ஊரில் கதாநாயகி அதையே கிழித்துக்கொண்டு வந்து நிற்பாள். கல்யாணம் நடந்ததும் அந்த ஓட்டத்தில்தான், புருஷனைப் புதைத்ததும் அந்த ஓட்டத்தில்தான். நாற்பத்து மூன்றாவது வயதில், 1914-ஆம் வருடம், ஹாலிவுட்டில் எலுமிச்சைத் தோப்பை ஒட்டியிருந்த ஒரு சின்னப் படக் கம்பெனியில் அவளுக்கு உடைப் பொறுப்பு கிடைத்தது. கூடவே ஓர் அறையும் கிடைத்தது. வடக்குப் பார்த்த ஜன்னல், பன்னிரண்டடி நீளத்துக்குத் துணி வெட்டும் மேசை, ஆடாமல் நிற்கிற தையல் மெஷின், கதவுக்குப் பூட்டு. அந்தச் சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். இனி இந்த அறையைவிட்டு என்னை நாலு பேர் தூக்கிக்கொண்டுதான் போகவேண்டும் என்று பால்காரனிடம்கூடச் சொல்லி வைத்திருந்தாள்.

கம்பெனி முதலாளி மட்டும் கார்னீலியஸ் விட்லோவாக இல்லாமல் இருந்திருந்தால் அவள் பாடு நிம்மதிதான்.

விட்லோ குழந்தைகளுக்குக் கதை எழுதுகிறவர். விம்பிலோ நாடு என்று ஒரு மாய தேசத்தைக் கற்பனை செய்து, அதைப் பற்றிப் பதினோரு புத்தகம் எழுதியிருந்தார். முன்பல் விழுந்த பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அது மனப்பாடம். ஊமைப்படத்துக்கு ஊரே அலைமோதுகிற காலம் அது. என் கதையை நானே எடுக்கிறேன் என்று கிளம்பி, கையில் இருந்ததையெல்லாம் கொட்டிக் கம்பெனி தொடங்கிவிட்டார். தங்கமான மனிதர், அதில் சந்தேகமில்லை. ஆனால் புத்தகத்தைக் கையில் எடுத்துவிட்டால் கழுதைகூட அவரிடம் பிடிவாதம் கற்றுக்கொள்ள வரும். தினமும் காலையில் கோட்டுப் பையிலிருந்து ஒரு புத்தகத்தை உருவிக்கொண்டு ஹுல்டாவின் அறைக்குள் நுழைந்துவிடுவார், கதவைத் தட்டாமல்.

“பக்கம் நாப்பத்தேழு, மிஸஸ் நீஸ். தவளை மந்திரி கோட்டுக்கு அஞ்சு பொத்தான். நீங்க நாலு வெச்சிருக்கீங்க.”

“அஞ்சாவது இருக்கு சார். அந்த ஆளோட தொப்பைக்குக் கீழ போயிடுச்சு.”

“பிள்ளைங்க எண்ணுவாங்க.”

“அப்ப தொப்பையைக் குறைக்கச் சொல்லுங்க.”

பொத்தானோடு போயிருந்தால் அவளும் பொறுத்துக்கொண்டிருப்பாள். வினை வந்தது நிறத்தில்.

அந்தக் காலத்துப் படச்சுருளுக்கு நம் கண் கிடையாது. வெளிர் நீலத்தைக் காட்டினால் வெள்ளை என்று எழுதிக்கொள்ளும், சிவப்பைக் காட்டினால் கறுப்பு என்று எழுதிக்கொள்ளும். அதனால்தான் நடிகர்கள் முகம் முழுக்க மஞ்சள் மாவைப் பூசிக்கொண்டு திரிந்தார்கள். இது அந்தத் தொழிலில் கூட்டிப் பெருக்குகிறவனுக்கும் தெரியும். விட்லோவின் கதையிலோ, நல்லவளான இளவரசி ஃபென்னாவுக்குச் சிவப்பு அங்கி. அவளைத் துரத்தும் சூனியக்காரி க்ராக்னாவுக்குக் கறுப்பு அங்கி. இருவரும் ஒரே உயரம் வேறு.

ஹுல்டா முதல் நாளே சொன்னாள். காமிராவைச் சுழற்றுகிறவனும் படத்தை இயக்குகிறவனுமான ஆப்னர் கேஜ், சிவப்புத் துணியையும் கறுப்புத் துணியையும் பக்கம் பக்கமாகத் தொங்கவிட்டுப் படம் பிடித்துத் துண்டுச்சுருளைக் கொண்டுவந்து காட்டினான். இரண்டும் ஒரே கரி.

“சுருளைக் கழுவினது சரியில்லை” என்றார் விட்லோ.

“கழுவினது நான்தான் சார்.”

“அதைத்தான் சொல்றேன்.”

ஹுல்டா மேசையில் கத்திரியை வைத்தாள். “சார், ஃபென்னாவுக்கு வெளிர் நீலம் தெச்சுத் தர்றேன். படத்துல பளிச்சுனு வெள்ளையா நிக்கும். பிள்ளைங்களுக்கு யார் நல்லவ, யார் கெட்டவன்னு தெரியும். அது போதாதா?”

“பதினோரு புத்தகத்துல சிவப்பு, மிஸஸ் நீஸ். நாலாவது புத்தகத்துல படம் போட்ட ஆளு ஊதாவாப் போட்டுட்டான். எத்தனை கடுதாசி வந்துச்சு தெரியுமா? முந்நூத்திப் பன்னெண்டு. ஒஹாயோவிலேருந்து ஒரு பொண்ணு, ‘அந்த ஆளு செத்தா நான் அழ மாட்டேன்’னு எழுதியிருந்தா. ஏழு வயசு!”

“அப்பச் சுருள்லயே சாயம் பூசிடுவோம்” என்றான் ஆப்னர். “சுருள்ல எண்பதாயிரம் குட்டிப் படம் இருக்கு. ஒவ்வொண்ணும் கட்டைவிரல் நகத்தளவு. தூரிகை வேணும்னா நான் வாங்கித் தர்றேன், பூசுறது நீங்க.”

விட்லோ காதில் போட்டுக்கொள்ளவில்லை. சிவப்புதான் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஹுல்டா தலையில் அடித்துக்கொண்டு சிவப்புத் துணியை வெட்டினாள். சம்பளம் கொடுக்கிறவர் கேட்கிறார், வேறென்ன செய்வது?

படம் முடிந்து, நியூயார்க்கிலிருந்து ஃபெல்டர் என்கிற விநியோகஸ்தர் வந்தார். அவர் எடுத்துக்கொண்டால் தேசம் முழுக்க ஓடும், இல்லாவிட்டால் கம்பெனிக்குப் பூட்டு. சனிக்கிழமை மதியம் மெயின் தெருக் கொட்டகையில் இருநூறு பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் போட்டுக் காட்டினார்கள். முதல் சுருள் நன்றாகத்தான் போயிற்று. தவளை மந்திரி வழுக்கி விழுந்ததற்குச் சிரிப்பில் கூரை பிய்த்துக்கொண்டது. இரண்டாவது சுருளில் ஃபென்னா காட்டுக்குள் ஓடிவந்தாள், பின்னாலேயே க்ராக்னா ஓடிவந்தாள். திரையில் இரண்டு கறுப்பு அங்கிகள். பிள்ளைகள் குழம்பிப்போனார்கள். ஒருத்தி மரத்தில் கட்டிக்கிடந்த குதிரைக்குட்டியை அவிழ்க்கப் போனாள். கொட்டகையே அவளைப் பார்த்து “ஊ!” என்று கத்தியது. யாரோ ஒருவன் ஆப்பிள் சக்கையைத் திரைமேல் வீசினான். அவள் ஃபென்னா. குட்டியைக் காப்பாற்றத்தான் போனாள். அதற்குப் பிறகு க்ராக்னா குழியில் விழுந்தபோது முன்வரிசையில் நாலைந்து பெண்பிள்ளைகள் அழவே ஆரம்பித்துவிட்டார்கள்.

ஃபெல்டர் தொப்பியை எடுத்துக்கொண்டார். “மூணு வாரம் இங்க இருப்பேன். அதுக்குள்ள சரி பண்ணா மறுபடி பார்க்கிறேன். இல்லைன்னா எனக்கு ரயில் இருக்கு.”

“வெயில் சரியில்லை” என்றார் விட்லோ. “அந்த வாரம் முழுக்க மேகம். நல்ல வெயில்ல மறுபடி எடுப்போம்.”

ஹுல்டா பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள். மேகமாம்! ஜூலை மாதத்தில், லாஸ் ஏஞ்சலஸில்! இந்த மனிதரின் ஒரு சிவப்புக்காக இனி மறுபடியும் பெட்டியைக் கட்டி ரயிலேற வேண்டுமா? கழுத்துச் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஆத்திரத்தில் அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, அதற்கும் சேர்த்து விட்லோவைத் திட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தைத்தாள். திங்கட்கிழமை காலை ஃபென்னாவாக நடிக்கும் வெர்னாவை உள்ளே கூப்பிட்டுக் கதவைத் தாழிட்டாள். அங்கியை விரித்தாள். வெளிப்பக்கம் அதே சிவப்பு. புரட்டினால் உள்பக்கம் வெளிர் நீலம், காலர் முதல் கொக்கிவரை எல்லாம் இரண்டு பக்கமும் பொருந்துகிற மாதிரி.

“அவர் பார்க்கிறப்ப சிவப்பு. காமிரா பார்க்கிறப்ப நீலம். புரியுதா?”

“ஆன்ட்டி, மாட்டிக்கிட்டா?”

“மாட்டிக்கிட்டா நான் போறேன். இப்படியே விட்டா எல்லாரும் போறோம்.”

ஆனால் விட்லோ பிரம்பு நாற்காலியைக் காமிராவுக்குப் பக்கத்திலேயே போட்டு உட்கார்ந்திருப்பாரே? அதற்கும் வழி இருந்தது. வயிற்றில் கனமாக ஏதாவது விழுந்துவிட்டால் மனிதருக்கு இருபது நிமிடம் உலகம் தெரியாது. அடுப்பங்கரைப் பக்கமே போகப் பிடிக்காத ஹுல்டா, அந்த மூன்று வாரமும் தினம் விடியற்காலையில் எழுந்து உலர்திராட்சையைப் பொதிந்த ‘பை’ என்கிற இனிப்புப் பணியாரம் சுட்டாள். ஒவ்வொரு நாளும் மாவு பிசையும்போது அந்த மாவுக்கு விட்லோ என்று பெயர் வைத்துத்தான் பிசைந்தாள். பகல் பதினொன்றரைக்கு இரண்டு துண்டு. பதினொன்றே முக்காலுக்குத் தொப்பி முகத்தின்மேல் இறங்கும். வெர்னா அங்கியைப் புரட்டிப் போட்டுக்கொள்வாள், ஆப்னர் கைப்பிடியைச் சுழற்றுவான். அங்கி வருகிற காட்சி ஒன்பது. ஒன்பதையும் குறட்டைச் சத்தத்தில் எடுத்தார்கள். ஊமைப்படம் என்பதால் பிழைத்தார்கள்.

ஒரே ஒரு நாள் அவர் பாதியில் தொப்பியை நீக்கிவிட்டார்.

“நீலமா தெரிஞ்சுதே?”

“காத்துல உள்துணி தூக்கிக்கிச்சு சார்” என்றான் ஆப்னர், வானத்தைப் பார்த்துக்கொண்டு.

“நல்ல தையல்காரின்னா உள்துணி வெளிய தெரியக் கூடாது, மிஸஸ் நீஸ்.”

“சரி சார்” என்றாள் ஹுல்டா. அன்றைக்கு அவள் மதியச் சாப்பாடு சாப்பிடவில்லை, அவ்வளவு எரிச்சல்.

மூன்றாவது சனிக்கிழமை அதே கொட்டகையில் வேறு இருநூறு பிள்ளைகள். ஃபென்னா காட்டுக்குள் ஓடிவந்தாள். இருண்ட மரங்களுக்கு நடுவே வெள்ளை வெளேர் என்று அங்கி பறந்தது. பின்னால் க்ராக்னா கறுகறுவென்று வந்தாள். “ஓடு ஃபென்னா, ஓடு!” என்று இருநூறு பிள்ளைகளும் நாற்காலிமேல் ஏறி நின்றார்கள். பியானோ வாசித்தவருக்குத் தன் பாட்டே கேட்கவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஹுல்டா சாவியை விட்டுவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

படம் முடிந்து கொட்டகை முகப்புக்கு வந்தபோது ஃபெல்டர் விட்லோவின் கையைக் குலுக்கிக்கொண்டிருந்தார். ஆறு படம் வேண்டும் என்றார். வெர்னாவுக்கு மாட்டிவிட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக ஹுல்டா அங்கியைத் துணிப்பையில் வைத்து எடுத்து வந்திருந்தாள்.

“பார்த்தீங்களா?” என்றார் விட்லோ, முகம் முழுக்கப் பிரகாசம். “வெயில் சரியா விழுந்தா சிவப்பு எப்படி வருது பாருங்க! இந்த அம்மா நீலம் போடணும்னு ஒத்தைக்கால்ல நின்னாங்க. நான் விடலை.”

ஃபெல்டர் ஹுல்டாவை ஏற இறங்கப் பார்த்தார். “ஆறு படம் வேகமா எடுக்கணும். சொன்னதைக் கேட்கிற ஆளா ஒருத்தரை வெச்சுக்கிறது நல்லது, விட்லோ. நியூயார்க்கில எனக்குத் தெரிஞ்ச ஒருத்தி இருக்கா.”

“யோசிக்க வேண்டியதுதான்” என்றார் விட்லோ.

ஹுல்டாவுக்குக் காது அடைத்துக்கொண்டது. யோசிக்க வேண்டியதா? மூன்று வாரம் என் திராட்சைப் பணியாரத்தைத் தின்றுவிட்டு யோசிக்க வேண்டியதா? துணிப்பையை இழுத்துத் திறந்தாள். நீலப் பக்கம் வெளியே தெரிய அங்கியை எல்லார் முன்னாலும் உதறி விரித்தாள்.

“மிஸ்டர் ஃபெல்டர், நீங்க உள்ள பார்த்தது...”

“அது யாரோடது?”

கேட்டது விட்லோவும் இல்லை, ஃபெல்டரும் இல்லை. ஹுல்டாவின் இடுப்பளவு உயரத்தில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். ஆறு வயதிருக்கும், கன்னத்தில் மிட்டாய்.

“ஃபென்னாவோடது” என்றாள் ஹுல்டா.

“பொய். ஃபென்னாவோடது சிவப்பு.”

“புத்தகத்துலயா பார்த்த?”

“எங்க வீட்ல புத்தகம் இருக்கு. ஆனா இப்ப உள்ள பார்த்தேன். சிவப்பா இருந்துச்சு. ஓடும்போது இப்படி இப்படிப் பறந்துச்சு.”

“நல்லா யோசிச்சுச் சொல்லு. வெள்ளையா இல்லை?”

அந்தப் பெண் அவளைப் பாவமாகப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற பையனைத் திரும்பிப் பார்த்தாள். அவன், “செவப்புதான். நானும் பார்த்தேன்” என்றான். அவனுக்குப் பின்னால் இன்னும் நாலு தலைகள் ஆமாம் போட்டன. யாரும் விட்டுக்கொடுக்கிற முகமாக இல்லை.

ஹுல்டா நிமிர்ந்தாள். விட்லோ நீலத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றார். திராட்சைப் பணியாரம், தொப்பி, காற்றில் தூக்கிய உள்துணி எல்லாம் ஒவ்வொன்றாக அவர் முகத்தில் வந்து போயின. காதுவரை சிவந்துவிட்டார். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், ஃபெல்டருக்கு எல்லாம் விளங்கிவிடும். அறை அவளுக்குத்தான். அதைச் சொல்வதென்றால் இந்தப் பிள்ளைகளைப் பார்த்து, நீங்கள் கண்டது வெள்ளை என்றும் சொல்லவேண்டும்.

சனியன்கள், என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே அங்கியைப் புரட்டினாள். சிவப்பு வெளியே வந்தது.

“இதுதானே?”

“அதேதான்!” என்று அந்தப் பெண் துணிக்குள் முகத்தைப் புதைத்தாள்.

“எனக்கு ஒண்ணும் புரியலை” என்றார் ஃபெல்டர். “படத்துல எந்தப் பக்கம்?”

ஹுல்டா விட்லோவைப் பார்த்தாள். விட்லோ தொண்டையைச் செருமினார், இரண்டு தடவை.

“அதை மிஸஸ் நீஸ்தான் சொல்லணும்” என்றார். “ஆறு படத்துக்கும் அவங்கதான் சொல்லுவாங்க. வேற ஆளு வேண்டாம்.”

திங்கட்கிழமை ஹுல்டா அங்கியில் ஒட்டியிருந்த மிட்டாயை வெந்நீர் வைத்துச் சுரண்டிக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. கதவைத் தட்டுகிற ஆள் யார் என்று புரியாமல் திறந்தாள். விட்லோ. கையில் புத்தகம் இருந்தது, ஆனால் மூடியிருந்தது.

“அடுத்த படத்துல ஆமை ராஜா வர்றார்” என்றார். “பச்சை மேனி. பச்சையும் கறுப்பாத்தான் வரும்னு ஆப்னர் சொல்றான்.”

“வரும்.”

“அப்ப... பிள்ளைங்களுக்குப் பச்சையாத் தெரியணும்னா நாம என்ன நிறம் அடிக்கணும், மிஸஸ் நீஸ்?”

ஒரு மாதத்துக்கு முன்னால் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் பட்டென்று சொல்லியிருப்பாள். அவளுக்குத் தெரியாத துணியா, தெரியாத சாயமா? அந்த மிட்டாய்க் கன்னத்துப் பெண் அவளைப் பாவமாகப் பார்த்த பார்வை ஞாபகம் வந்து இன்னும் எரிச்சல் வந்தது.

“தெரியலை சார்” என்றாள் கடைசியில். “உட்காருங்க. யோசிப்போம். அந்தத் தொப்பியை என் துணிமேல வைக்காதீங்க.”