நடுச்சாலையில் நின்ற கோடு

லில்லி தன் கவனக்குறைவால்தான் செத்தாள் என்று எங்கள் குடும்பம் நம்பியது. சவப்பெட்டியின் பக்கத்தில் நின்றே அண்ணன் சொன்னார்: "சுத்திப் போன்னு சொன்னா கேக்க மாட்டா. சுவரத் தாண்டிக் குதிச்சா லாரிக்காரன் என்ன செய்வான்?" உறவினர்கள் தலையாட்டினார்கள். என் தங்கையை இரண்டாம் முறை அடித்ததுபோல் இருந்தது எனக்கு.

ஆவி, செத்தவர் திரும்பி வருவது என்பவற்றில் எனக்கு அன்று நம்பிக்கை இல்லை. இன்று இருக்கிறதென்றும் சொல்ல மாட்டேன். கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அத்தகைய புத்தகங்களை அடுக்கி வைத்திருக்கிறேனே தவிர, ஒன்றையும் முழுதாக வாசித்ததில்லை. ஆகவே நீங்கள் என்னைச் சந்தேகித்தால் வருத்தப்பட மாட்டேன்.

சுசீந்திரத்துக்கு அருகில், பெருஞ்சாலைக்கு இந்தப் பக்கம், நானும் லில்லியும் மட்டும் இருந்த எங்கள் வீடு. அந்தப் பக்கம் ஆலயம். சாலையை அகலமாக்கியபோது நடுவில் இடுப்பளவு சுவர் கட்டி, நாங்கள் கடக்க ஓர் இடைவெளி விட்டிருந்தார்கள். பிறகு அதையும் அடைத்துவிட்டார்கள். கேட்டதற்கு ஓர் ஆய்வறிக்கையைக் காட்டினார்கள். மக்களின் கைப்பேசிகள் எங்கிருந்து எங்கே நகர்கின்றன என்பதை வைத்து ஊர்ப் போக்குவரத்தைக் கணக்கிட்டதாம் ஒரு தனியார் நிறுவனம். அதன்படி, அந்த இடத்தில் நடந்து கடப்பவர்கள் யாரும் இல்லை.

யாரும் இல்லை! மாலை ஆராதனைக்கு அந்த வழியாகப் போகிற நாங்கள் அத்தனை பெண்களும் கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறவர்கள். ஒருமுறை திருவிருந்து நேரத்தில் பக்கத்துத் தெரு ரெஜியின் கைப்பேசி சினிமாப் பாட்டுப் பாட, போதகர் பீடத்திலிருந்தே கண்டித்தார். அன்றிலிருந்து அப்படித்தான். கையில் கருவி இல்லாதவள் பூமியிலேயே இல்லை என்று எழுதுவதற்கு முன், ஒரு மாலையாவது ஒருவர் வந்து அங்கே நின்று பார்த்திருக்கக் கூடாதா?

சுற்றிப் போவதென்றால் வெகுதூரம். லில்லிக்கு முழங்கால் வலி. சுவரில் உட்கார்ந்து காலைத் திருப்பி இறங்கியவளைக் கேரளாவுக்குப் பாறை ஏற்றிப் போன லாரி அடித்தது.

அடக்கம் முடிந்ததும் ஆலயத்துப் பெண்கள் நாங்கள் கோட்டாற்றிலிருந்த அந்த நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனோம். ஆய்வைச் செய்த பொறியாளர் பிரவீன், வெளியூர்க்காரர்.

"டேட்டால ஒருத்தரும் இல்லையே மேடம். நான் என்ன செய்ய முடியும்?"

ரெஜி மேசையில் கையூன்றினாள். "நாங்க என்ன மக்கா, ஆளா ஆவியா? உனக்க மூக்குக்கு முன்னாலதான நிக்கோம். எண்ணிப் பாரு."

மறுபடி எடுங்கள், நாங்கள் கைப்பேசியோடு வருகிறோம் என்றேன் நான்.

"போதகர் ஏசுவாரே அக்கா?" என்று பின்னால் ஒருத்தி முணுமுணுத்தாள்.

"ஏசட்டும் ஏட்டி. சத்தத்த அமத்திப் போட்டு மடியில சொருகிட்டுப் போவோம்" என்றாள் ரெஜி.

மறியல் செய்வோம் என்று மிரட்டிய பிறகே ஒப்புக்கொண்டார்கள். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் தினமும் மாலை ஆராதனை உண்டு. அதில் ஒரு வாரம் சுவரைத் தற்காலிகமாகத் திறந்துவிட்டார்கள். நாங்கள் கைப்பேசிகளோடு கடந்தோம்.

அடுத்த சனிக்கிழமை பட்டப்பகலில் பிரவீன் என்னைக் கூப்பிட்டுக் கணினித் திரையைக் காட்டினார். பெயரோ எண்ணோ கிடையாது. ஒவ்வொரு கைப்பேசியும் நடந்த தடம் ஒரு மெல்லிய கோடு, அவ்வளவுதான்.

"உங்க வீட்ல எத்தனை பேர் மேடம்?"

"நான் மட்டும்."

"ரெண்டு போன் வச்சிருக்கீங்களா?"

ஒன்றுதான். லில்லியின் கைப்பேசி அப்போது அண்ணன் மகனோடு ஷார்ஜாவில் இருந்தது. அவளுடைய எண்ணையும் ரத்து செய்தாயிற்று. சுற்றிலும் எங்கள் தென்னந்தோப்பு. அக்கம்பக்கத்து வீடு எதுவும் ஒட்டியில்லை. ஆனாலும் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கோடுகள் புறப்பட்டிருந்தன.

இரண்டும் சேர்ந்தே சாலைக்கு வந்தன. என்னுடையது கடந்து போயிற்று. மற்றது சுவரின் இடைவெளியில் நின்றுவிட்டது. ரெஜியின் தெருவிலிருந்து வந்தவை, குளத்தங்கரையிலிருந்து வந்தவை, எல்லாம் கடந்து முடியும்வரை அது அசையவில்லை. கடைசியாகத்தான் தானும் ஆலயத்துக்குப் போனது. நான் போன ஒவ்வொரு மாலையும் அப்படியே. இடைவெளியை அடைக்கும்வரை லில்லி அப்படித்தான் நிற்பாள். வருகிற வண்டிகளுக்கு எதிரே கையை நீட்டிக்கொண்டு, எங்களில் மிக மெதுவாக நடப்பவள் கரையேறும்வரை.

"ஒரே போன் ரெண்டு தடவை பதிவாயிருக்கும். பிழைதான். அறிக்கையில இருந்து எடுத்துடறேன்" என்று பிரவீன் சுட்டியை நகர்த்தினார்.

வாழ்நாளெல்லாம் பிறரை மெதுவாகப் பேசச் சொல்லிப் பிழைத்தவள் நான். அன்று என் குரல் தெருவரைக்கும் கேட்டதாக வாசலில் காத்திருந்த ரெஜி சொன்னாள். "தொடாதீங்க! அவ இல்லன்னு ஒருதடவ எழுதினது போதும்."

அவர் கையை எடுத்துக்கொண்டார். அந்தக் கோடு அறிக்கையில் அப்படியே இருக்கிறது. சுவரையும் நிரந்தரமாகத் திறந்துவிட்டார்கள். அண்ணன் அறிக்கையை வாங்கிப் படித்துவிட்டு, "அப்போ அவளுக்க மேல தப்பு இல்லியா?" என்று கேட்டார். அறிக்கையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை; ஆறவும் வேண்டாம்.

பிழை என்றே வைத்துக்கொள்ளுங்கள். நானும் அப்படி நினைத்துக்கொள்ளப் பார்க்கிறேன். ஆனால் ஒரே கைப்பேசி இரண்டாகப் பதிந்திருந்தால், அதுவும் என்னோடேயே கடந்திருக்க வேண்டாமா? அந்த வாரத்தில் புதன்கிழமையோ எனக்குக் கடுமையான காய்ச்சல். ஆராதனைக்குப் போகாமல், கைப்பேசியைத் தலையணைக்கடியில் போட்டுவிட்டுப் படுத்துக் கிடந்தேன். அந்த நாளின் படத்தையும் பிரவீன் காட்டினார். மற்ற பெண்கள் எல்லோரும் கடந்திருந்தார்கள். நடுச்சாலையில் யாரும் நிற்கவில்லை. எங்கள் வீட்டிலிருந்து ஒரு கோடும் புறப்படவில்லை. என் படுக்கையறை இருக்கும் மூலையில் இரண்டு புள்ளிகள், ஒன்றையொன்று ஒட்டி, விடியும்வரை அப்படியே இருந்தன.

அந்த வீட்டில் இப்போது நான் ஒருத்திதான் இருக்கிறேன்.