இசைத்தட்டில் வராதது

எங்கள் சித்தப்பா சினிமாவில் பாட்டுக் கேட்க மாட்டார். டூரிங் டாக்கீஸில் பாட்டு ஆரம்பித்தால் பீடி பிடிக்க வெளியே போய்விடுவார். பாட்டு முடிந்து, கதாநாயகி அழவோ வில்லன் மாடிப்படி இறங்கவோ தொடங்கும் நேரத்தில், பீடியை மிதித்துவிட்டு ஓடிவந்து மணலில் உட்காருவார். ஊர் செய்வதற்கு இது நேர்மாறாக இருந்தது. அவருக்குக் கல்யாணம் கூடிவராததற்கு இதுதான் காரணம் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள்.

பாட்டு எங்கே போய்விடப்போகிறது என்பது அவர் கட்சி. ரேடியோவில் வரும், காதுகுத்தில் வரும், டீக்கடையில் தட்டு தேயத் தேய வரும். பேச்சுக்குப் பின்னால் ஒன்று வாசிக்கிறார்களே, அது?

"அதுக்குத் தட்டு கெடயாதுடா. படப்பெட்டி பஸ்ல ஏறிடுச்சுன்னா அதுவும் கூடவே போயிடும். அப்புறம் பொரண்டு அழுதாலும் கெடைக்காது."

அதனால் அவர் அதைப் பிடித்துவைக்கத் தொடங்கினார்.

வயலில் வேலையில்லாத மாதங்களில் அவர் திருவையாற்றில் ஒரு மைக் செட் கடைக்குப் போவார். தென்னை மரத்தில் ஏறிப் புனல் ஸ்பீக்கர் கட்டுவது அவர் வேலை. கடைக்காரர் கழித்துப்போட்ட டேப்ரெக்கார்டர் ஒன்று அவருக்கு வந்து சேர்ந்தது. மூடி கிடையாது, கேசட் எகிறி விழாமலிருக்க ரப்பர் பேண்ட் போட்டிருப்பார். கேசட்டும் அந்தக் கடையில் கிடந்ததுதான், ஒன்றே ஒன்று. அதில் ஏதோ ஒரு தேர்தலில் பேசிய பேச்சு இருந்தது. உழுகிறவனுக்கு நிலம் என்றுகூட அதில் சொல்லியிருந்தார்களாம். சித்தப்பா அதன்மேல்தான் ஒரு படத்துப் புல்லாங்குழலைப் பதிந்தார். ஆரம்பத்தில் மட்டும் கொஞ்சம் அழியாமல் நின்றுவிட்டது. பெட்டியைப் போட்டால், "தாய்மார்களே, பெரியோர்களே" என்று ஒரு கரகரத்த குரல் வரும். உடனே புல்லாங்குழல்.

அந்தப் புல்லாங்குழல்தான் அவர் முதன்முதலாகப் பிடித்தது. ஓடாத படம் அது. ஜெயிலிலிருந்து திரும்புகிற ஒருவன் பூட்டிக் கிடக்கும் தன் வீட்டு வாசலில் நிற்பான். பேச்சே இருக்காது. குழல் மட்டும் வரும். அதற்கு அடியில், மழைக்கு முன்னால் தூரத்து வயலில் தவளை கத்துகிற மாதிரி ஒரு தந்தி வாத்தியம். சித்தப்பா திரைக்குப் பக்கத்தில் ஸ்பீக்கருக்குக் கீழே பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்து பதிந்தார். குழல் உச்சிக்கு ஏறுகிற இடத்தில் பின்னாலிருந்து ஒருவன், "சோடா, கலரே!" என்று கத்திவிட்டான். அதுவும் பதிவாகிவிட்டது. சித்தப்பா அவனை ஆயுசு முழுக்கத் திட்டினார். எனக்கோ அந்த இசையில் பிடித்ததே அதுதான். வீட்டில் பெட்டி பாடும்போதெல்லாம் அந்த இடத்துக்குக் காத்திருந்து, நானும் சேர்ந்து "சோடா, கலரே!" என்பேன்.

இரண்டு மூன்று வருஷத்தில் கேசட்டின் இரண்டு பக்கமும் நிறைந்துவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் அண்ணன் தங்கையைப் பார்க்கும்போது வருவது, ரயில் புறப்படும்போது வருவது, பைத்தியக்காரி சிரிக்கும்போது வருவது. உலகத்தில் எந்தக் கடையிலும் விற்காத சரக்கு எங்கள் கூரைவீட்டில் இருந்தது. வீட்டில் விற்கக்கூடிய சரக்கு வேறு எதுவும் இல்லை என்பதையும் சொல்லவேண்டும்.

நிலம் இருந்தது, ஆனால் எங்களுடையது அல்ல. பண்ணையாரின் எட்டு மா நிலத்தைத் தாத்தா காலத்திலிருந்து, விளைச்சலில் பங்கு அளக்கிற வாரத்துக்குச் செய்துவந்தோம். எல்லாம் வாய்ச்சொல்தான். குத்தகைக்காரர்கள் மனுக் கொடுத்துப் பெயரைப் பதிந்துகொண்டால் நிலத்தைவிட்டு இறக்கிவிட முடியாது என்று சர்க்காரில் சட்டம் வந்திருந்தது. ஊருக்கு ஊர் கொடியும் கூட்டமுமாக இருந்தது. மனுக் கொடுத்தவன் வயலுக்கு வாய்க்காலில் தண்ணீர் வராமல் போவதும் நடந்தது. விவசாயச் சங்கத்துக்காரர் ஒருவர் சைக்கிளில் வந்து, மனுக் கொடுக்கச் சொல்லி அப்பாவிடம் மன்றாடுவார். அப்பா பயந்தார்.

தை அறுப்பு முடிந்த நேரம், பண்ணையாரே களத்துக்கு வந்து அப்பாவிடம் பேசப்போவதாக ஆள் வந்து சொன்னான். சங்கத்துக்காரர் அதைக் கேட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"நைச்சியமாப் பேசி மனுக் குடுக்காம பண்ணத்தான் வர்றாரு. நாளைக்கே இல்லைம்பாரு தோழர்."

"ஐயா அப்படிச் சொல்றவரு இல்லீங்க."

"சரி. அப்ப அவரு சொல்றத டேப்புல புடிச்சு வச்சுக்கங்க. ஒங்க தம்பிகிட்டதான் பொட்டி இருக்குல்ல?"

எல்லோரும் சித்தப்பாவைப் பார்த்தார்கள். அவர் கேசட்டைப் பார்த்தார். புதுக் கேசட்டுக்குத் தஞ்சாவூருக்குத்தான் போகவேண்டும். பண்ணையார் பொழுது சாய்வதற்குள் வந்துவிடுவார்.

"ரெண்டு பக்கமும் இருக்குண்ணே" என்றார் சித்தப்பா.

"ஒரு பக்கம் போனா போவுது. வெறும் ஊதல்தானடா" என்றார் அப்பா. அவர் கெட்ட மனசில் சொல்லவில்லை.

பண்ணையார் மோட்டார் சைக்கிளில் வந்தார். நாற்காலி போட்டார்கள். வைக்கோலுக்கு அடியில் பெட்டியை வைத்து, அதன்மேல் துண்டைப் போட்டு, பக்கத்தில் சித்தப்பா குந்தியிருந்தார். பண்ணையார் நல்ல குரலில், எல்லோருக்கும் கேட்கும்படி பேசினார்.

"ஒங்கப்பன் காலத்துலேருந்து செய்யிற. ஒன்ன எறக்கிட்டு எனக்கு என்னடா ஆவப்போவுது? மனு கினுன்னு எவன் பேச்சையும் கேட்டு அலையாத. நீயும் ஒம்புள்ளையும் இருக்கிற வரைக்கும் இந்த எட்டு மா ஒனக்குத்தான். போதுமா?"

"போதுங்கய்யா" என்றார் அப்பா. கண் கலங்கிவிட்டது.

பண்ணையார் போனபிறகு, போட்டுக் காட்டச் சொன்னார் அப்பா. பேட்டரிக் கட்டை இறங்கிவிட்டது, தவிர அடிக்கடி போட்டால் நாடா தேய்ந்துவிடும் என்றார் சித்தப்பா. அப்பாவுக்கு அது நியாயமாகப் பட்டது. கேசட்டை வாங்கி மஞ்சள் துணியில் சுற்றி, விதை நெல் குதிருக்குள் கை முழுக்க விட்டுப் புதைத்துவைத்தார். யாரும் தொடக்கூடாது என்றார். மனுக் கொடுக்கவில்லை. "நம்மகிட்டதான் இருக்கே" என்று சங்கத்துக்காரரிடம் சிரித்துக்கொண்டே சொல்லி அனுப்பினார்.

அந்தக் கோடை முழுக்கச் சித்தப்பா குதிருக்கு எதிரேதான் படுத்திருந்தார். கேசட் இல்லாத பெட்டியை எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருப்பார். சாப்பாடு குறைந்துவிட்டது. "பொண்ணு கிண்ணு பாத்துட்டியா தம்பி?" என்று அம்மா கேலி செய்தாள்.

ஆடியில் ஆற்றில் தண்ணீர் வந்தது. எங்களுக்கு முன்பே பண்ணை டிராக்டர் எட்டு மாவுக்குள் இறங்கியது. அப்பா குறுக்கே போய்ப் படுத்தார். போலீஸ் வந்து தூக்கியது. சங்கம் சத்தம் போட்டதில், தாசில்தார் எங்கள் ஊர்ச் சாவடிக்கே விசாரிக்க வந்தார்.

"இவன் குத்தகையும் இல்ல, கித்தகையும் இல்ல. கூலிக்கு வந்த ஆளு" என்றார் பண்ணையார். களத்தில் பேசிய அதே நல்ல குரல்.

"அவர் பேசுனது டேப்புல இருக்கு சார்!" என்றார் சங்கத்துக்காரர்.

பண்ணையாரின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அப்பா மஞ்சள் துணியைப் பிரித்தார். சித்தப்பா கேசட்டைப் பெட்டியில் போட்டு, ரப்பர் பேண்டை மாட்டி, பண்ணையாரையே பார்த்தபடி இருந்தார். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அப்படியே இருந்திருப்பார் போலத் தோன்றியது.

"போடுப்பா" என்றார் தாசில்தார்.

போட்டார். "தாய்மார்களே, பெரியோர்களே."

எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பிறகு புல்லாங்குழல் வந்தது.

முதலில் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பண்ணையாருக்குத்தான் முதலில் விளங்கியது.

"நல்லாருக்குடா" என்றார். "பாட்டு எப்ப வரும்?"

பண்ணை ஆட்கள் சிரித்தார்கள். "நிறுத்துப்பா" என்றார் தாசில்தார். "நிறுத்துங்க தோழர், தேடி எடுங்க" என்று சங்கத்துக்காரர் பதறினார். சித்தப்பாவின் விரல் பொத்தான்கள் மேல் நின்றது, எதையும் அமுத்தவில்லை. குழல் உச்சிக்கு ஏறியது. எனக்குப் பழக்கம், அடக்க முடியவில்லை. பெட்டியோடு சேர்ந்து நானும், "சோடா, கலரே!" என்று கத்தினேன்.

தாசில்தாரே சிரித்துவிட்டார். அம்மா என் முதுகில் அறைந்தாள். குழல் வாசித்து முடிந்தபிறகுதான் சித்தப்பா பொத்தானை அமுத்தினார். பெட்டி 'டொக்' என்று நின்றது.

"வேற ஏதாவது இருக்கா?"

"இல்லீங்க" என்றார் சித்தப்பா.

வரப்பில் ஒருவர் பின் ஒருவராக வீட்டுக்கு நடந்தோம். அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. சித்தப்பா தப்பிக்க ஒரு வழி விட்டுக் கொடுத்தாள்.

"அன்னிக்குக் கட்டை தீந்துபோச்சா தம்பி?"

"இல்லண்ணி. நான் அமுத்தல." கொஞ்ச தூரம் போய் மறுபடி சொன்னார்: "பொட்டியப் பாத்தாலே பயந்து ஒத்துக்குவாருன்னு நெனச்சேன்."

வீட்டுக்கு வந்ததும் அப்பா பெட்டியிலிருந்து கேசட்டை எடுத்தார். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். சித்தப்பாவின் கையில் அதை வைத்தார்.

"இந்தா. கேளு."

அதற்குப் பிறகு அண்ணன் தம்பி பேசிக்கொள்ளவில்லை. அந்த எட்டு மாவில் பண்ணை விதை விட்டபோது அம்மாவும் அப்பாவும் அங்கேயே கூலிக்குப் போனார்கள். நாற்றங்காலில் குருவி விரட்டுகிற வேலை சித்தப்பாவுக்குக் கிடைத்தது. அவர் குச்சிகளை நட்டு, கேசட்டிலிருந்து நாடாவை உருவி, சுற்றிலும் கட்டிவிட்டார். காற்றில் அது பளபளத்து, 'ம்ம்ம்' என்று ஒரே சுரத்தில் இரைந்தது. நான் காதை வைத்துக் கேட்டேன். கலர்காரன் வரவில்லை. நாற்று பறிக்கும் முன்பே சித்தப்பா ஊரைவிட்டுப் போய்விட்டார். திருப்பூர் என்றார்கள், பெங்களூர் என்றார்கள். வரவேயில்லை.

நிலம் இருந்திருந்தால் அப்பா என்னை மாட்டுக்குப் பின்னால்தான் அனுப்பியிருப்பார். சோறாவது கிடைக்குமென்று அரசு விடுதியில் சேர்த்தார். எங்கள் வம்சத்தில் கையெழுத்துப் போடுகிற முதல் ஆள் நான். யாராவது இதைப் பாராட்டினால், எனக்கு டிராக்டர் சத்தம்தான் கேட்கிறது.

கல்லூரியில் படித்தபோது தஞ்சாவூரில் கேசட் பதிந்து தரும் கடைகளில் ஏறி இறங்கினேன். "எந்தப் பாட்டு சார்?" என்பார்கள். "பாட்டு இல்லீங்க. ஜெயில்லேருந்து ஒருத்தர் வருவாரே, அப்ப வர்றது" என்பேன். ஏற இறங்கப் பார்ப்பார்கள். முன்பு சென்னையில் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்த்த ஒருவர் மட்டும் உட்காரவைத்துப் பேசினார். "அதெல்லாம் ஏது தம்பி? படம் முடிஞ்சா, அந்த நாடா மேலயே அடுத்த படத்தப் பதிஞ்சிடுவாங்க." படத்தின் பிரதியும் இப்போது எங்கும் இல்லையாம். அப்படியென்றால் குருவி விரட்டியதுதான் கடைசிப் பிரதி.

சாவடியில் அத்தனை பேரும் நிறுத்து நிறுத்து என்றபோது, பயத்தில் எந்தப் பொத்தான் என்பது சித்தப்பாவுக்கு மறந்துவிட்டதாகத்தான் நான் நினைத்தேன். அவர் கண்ணை மூடியிருந்தார். அதை அழுகை என்று நினைத்தேன். தையிலிருந்து ஆடி வரை நெல்லுக்குள் கிடந்ததை அவர் கேட்டுக்கொண்டிருந்தார். முடிகிற வரைக்கும் கேட்டார்.

நிறுத்து என்று சொல்லாமலிருந்தவர் அங்கே அப்பா ஒருவர்தான். அவர் தன் தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.